பச்சை கேட்

புறநகருக்குக் குடிவந்த புதிதில், பச்சை கேட் போட்ட மாடிவீட்டின் முன்னால்தான் நிரோஷா பள்ளி வேனிலிருந்து இறங்குவாள். அதுதான் தன் வீடென்று தோழிகளிடம் அளந்துவிட்டிருந்தாள். உள்ளே போகிறவளைப்போலக் கொண்டியில் கை வைத்து நிற்பாள். வேன் மறைந்ததும் ஏரிக்கரைத் தகரக் கொட்டகைக்கு ஓடிவிடுவாள். வளர்ந்து, கூரியர் கம்பெனியில் முதல் வேலைக்குச் சேர்ந்த வாரமே அந்த வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல், கேட்டுக்கு வெளியே நின்றபடியே குரல் கொடுத்தாள். வீட்டுக்கார அம்மா மெல்ல நடந்து வந்து பார்சலை வாங்கிக்கொண்டார். அவர் பார்வை மட்டும் கொண்டியின்மேல் இருந்த அவள் கையிலேயே நின்றது. பிறகு தெருக்கோடிவரை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"வேன் போயிருச்சும்மா," என்றார். "இன்னிக்காச்சும் உள்ள வந்துட்டுப் போ."

நிரோஷா ஒரு கையால் ஹெல்மெட் கண்ணாடியை முகத்தின்மேல் இறக்கிவிட்டுக்கொண்டாள். இன்னொரு கை கொண்டியை விடவில்லை.