யார் வைத்த விஷம்?

சிங்கப்பூரில், செம்பவாங் அடுக்குமாடி புளோக்கின் பின்னால் இருந்த புல்வெளியில் இன்றும் மூன்று முயல்கள் செத்துக் கிடந்தன. யாரோ எப்போதோ வளர்க்க முடியாமல் கொண்டுவந்து விட்டவை, பெருகி ஒரு கூட்டமாகியிருந்தன.

"இந்த அங்கிள்தான் விஷம் வெச்சிருக்காரு, டாக்டர்," என்றாள் சுகந்தி, கூடியிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி. "செடியைத் தின்னுடுதுன்னு டெய்லி திட்டுவாரு."

"நான் ஒண்ணும் வைக்கல லா," என்றார் எதிர்வீட்டு ராஜரத்தினம்.

"பின்ன எப்படிச் செத்துச்சாம்? பாவம்னு போன வாரம்கூட ஒரு பை நிறைய காய்ஞ்ச புல் கொண்டாந்து போட்டேன் நான்."

கால்நடை மருத்துவர் ரக்ஷனா நிமிர்ந்தாள்.

"விஷம் இல்லக்கா. முன்னாடி செத்ததை டெஸ்ட் பண்ணிட்டோம். இது முயலுக்கு வர்ற வைரஸ். ஒண்ணுக்கு வந்தா கூட்டமே போயிடும்."

"எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் சுகந்தி.

"வீட்டு முயல்கிட்டேருந்து வந்திருக்கலாம். அது செத்தப்புறமும் கூண்டுல, தின்னு மிச்சம் வெச்ச புல்லுலகூட வைரஸ் ஒட்டிக்கிட்டு இருக்கும். இந்த புளோக்ல யார் வீட்லயாச்சும் சமீபத்துல முயல் செத்துச்சா?"

வீணாக்குவானேன் என்றுதான் சுகந்தி, செத்துப்போன தன் முயலின் கூண்டில் மிஞ்சிய புல்லை இங்கே கொட்டியிருந்தாள்.

மெல்ல ராஜரத்தினத்தைப் பார்த்தாள். போன வாரம் அவளுடைய முயல் செத்து அவள் அழுதுகொண்டு நின்றபோது, மிச்சப் புல்லோடு இருந்த அந்தக் கூண்டைக் கீழே தூக்கி வந்து கொடுத்தவர் அவர்தான்.

அவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் வீட்டு முயல் செத்ததை டாக்டரிடம் சொல்லவில்லை.