நரிக்கு வைத்த கோழிக்கால்

ஆலைக் கழிவு வந்து கலக்கும் எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய அந்த வீட்டின் கொல்லையில், அன்று மத்தியானம் மூன்று நரிகள் செத்துக் கிடந்தன.

பூவம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது. கோழிகளைத் தூக்கிக்கொண்டிருந்த நரிகள், போன வாரம் மகள் ஷாலுவின் காலையே கவ்வப் பார்த்தன. அதனால்தான் நேற்று சாயங்காலம் ஒரு கோழிக்காலில் எலி மருந்தைத் திணித்து முள்புதரடியில் வைத்தாள்.

"யோவ், வந்து பாரு! பீடை ஒயிஞ்சிச்சு!"

விடியலில் மீன் பிடித்து வந்த அசதியில் படுத்திருந்த அவள் கணவன் மனோகரன் எழுந்து வந்தான்.

"கில்லாடிதாம்மே நீ! இன்னிக்கு நாளே நல்லா கீது. எப்பவும் துள்ளி தப்பிக்கிற மடவ மீனுகூட துள்ளாம வலையில வந்து வியுந்துச்சு."

அவன் மண்வெட்டியை எடுத்தான். மீதி மருந்தை நாய் ஏதாவது தின்றுவிடப் போகிறதே என்று பூவம்மா புதரடிக்குப் போனாள்.

கோழிக்கால் வைத்தது வைத்தபடி இருந்தது.

"இன்னாய்யா இது, அதுங்க இத்த தொடவே இல்ல!"

"அப்போ இன்னாத்த துன்னுச்சுங்க?"

மனோகரன் ஒரு நரியைப் புரட்டினான். அதன் வாயில் மடவையின் தலை. காலையில் பூவம்மா மீனை ஆய்ந்து வீசிய குடலும் செதிலும் சுற்றிலும் சிதறிக் கிடந்தன.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினான்.

"பூவு... ஷாலு எங்க?"

புதரடியில் குனிந்திருந்தவள் திரும்பாமலே சொன்னாள்:

"மீன் கொயம்பு ஊத்தி துன்னுட்டு அப்பவே படுத்துகிச்சு. கூப்ட்டு கூப்ட்டு பாத்தேன், எய்ந்துக்கவே இல்ல."