அம்மையப்பன் பேசுகிறேன்

"மணி, ரெண்டாவது லைன்ல ஒருத்தன். பேர் சொல்ல மாட்டேங்குறான். சாரோட வீட்டு விஷயம், அவருகிட்டதான் பேசுவேன்னு நிக்கிறான்" என்றார் சவுண்ட் இன்ஜினியர் கௌஸ் முகம்மது, ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

மணிமாறன் ஹெட்போனைக் கழற்றினான். தம்பி சரவணன்தான். வேறு யாராக இருக்க முடியும்?

"பாட்டு முடிய எவ்வளவு நேரம் பாய்?"

"ஆறு நிமிஷம். நீ பேசு, நான் பாத்துக்கறேன்."

ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமை காலைத் தமிழ் நிகழ்ச்சி என்றால் மணிமாறன் குரல்தான். தொழிலாளர் கேம்ப்களில் ஆட்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். எத்தனையோ பேர் போன் செய்தார்கள். எட்டு மாதமாக அவன் எதிர்பார்த்த ஒரு போன் மட்டும் வரவில்லை.

சரவணனை விசா எடுத்துக் கூட்டிவந்ததே அவன்தான். தம்பியோ மூன்றே மாதத்தில் கம்பெனியை விட்டு ஓடி, விசா இல்லாமல் ஒளிந்து திரியும் 'கல்லிவல்லி' ஆட்களோடு சேர்ந்துவிட்டான். விசா கொடுத்த முதலாளியான கஃபீல் முன்னால் தலைகுனிந்து நின்ற ஆத்திரத்தில், "இனிமே என் மூஞ்சில முழிக்காதே" என்று போனில் கத்தியதுதான் கடைசிப் பேச்சு.

மறுநாளே கோபம் ஆறிவிட்டது. தம்பியைத்தான் காணோம். இப்போது அரசாங்கம் பொதுமன்னிப்பு கொடுத்திருந்தது. விசா இல்லாதவர்கள் தண்டனை இல்லாமல் ஊர் போகலாம், இன்னும் பத்தே நாள். வாரா வாரம் ஊருக்கெல்லாம் சொல்வதுபோல அதை அந்த ஒருவனுக்காகவே சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டில் மனைவி அருணா வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கொழுந்தனுக்கும் சேர்த்தே அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

ரிசீவரை எடுத்தான். "சொல்லுடா..."

"சார், நான் அம்மையப்பன் பேசுதேன்."

வேறு குரல். "எந்த அம்மையப்பன்?"

"சங்கரன்கோயில் பக்கம் சார். போன மாசம் நான் செத்துப்போனதா ரேடியோவுல வாசிச்சீங்கள்லா... அந்த அம்மையப்பன்."

அந்த அறிவிப்பு மணிமாறனுக்கு நன்றாக நினைவிருந்தது. முவைலாவில் கட்டட வேலை, ஒன்பதாவது மாடியிலிருந்து விழுந்தவர், மனைவியும் ஒரு மகனும். இரங்கல் வாசிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அன்றைக்கும் குரலைத் தழைத்து வாசித்ததில் நிறையப் பேர் போன் செய்து பாராட்டினார்கள்.

"யாருய்யா நீ? செத்தவன் பேர்ல வெளையாடுறியா?"

"எம் மவன் மேல சத்தியமா நான்தான் சார். நீங்க என் பேரை வாசிக்கையில நானே கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

குரல் நடுங்கியது. நடுக்கத்தில் பொய் இருப்பதாகத் தெரியவில்லை.

"அன்னைக்குக் காய்ச்சல்ல கெடந்தேன். டூட்டிக்குப் போகலன்னா ஃபோர்மேன் விசா கேன்சல் அடிச்சு ஊருக்கு அனுப்பிருவான். ரூம்ல லேபர் கார்டு இல்லாத ஆளு ஒருத்தரு ஒளிஞ்சிருந்தாரு. 'நீங்க படுங்கண்ணே, நான் போயிட்டு வாரேன்'னு என் கார்டைச் சட்டையில மாட்டிக்கிட்டுப் போனாரு. கேம்புல எல்லாரும் செய்யிறதுதான் சார். விழுந்ததுல மொகம் தெரியல. கார்டைப் பாத்து என் பேரை எழுதிட்டானுவ."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"கார்டு குடுத்ததுக்கு ஜெயில்ல போட்ருவாங்கன்னு பயந்து அஜ்மானுக்கு ஓடிட்டேன். மனசு கேக்காம நேத்து வீட்டுக்குப் போன் போட்டேன். எம் பொண்டாட்டி என் குரலைக் கேட்டதும் வீல்னு கத்திட்டு வெச்சிட்டா. மறுபடி போட்டா, அவ அண்ணன்காரன் எடுத்து, பேய் பேசுதுங்கான். பொணத்தைச் சுத்துன துணியப் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாவளாம். அப்படியே எம் மவன் கொள்ளி வெச்சிட்டான் சார். ஒம்பது வயசு. பதினாறாம் நாளும் முடிஞ்சிட்டு. நேத்துலருந்து எனக்கே சந்தேகமா இருக்கு, நான் இருக்கேனா இல்லையான்னு."

"நான் என்ன செய்யணும்?"

"நீங்க வாசிச்சதைக் கேட்டுத்தான் எங்க ஊர்க்காரங்க வீட்டுக்குத் தகவல் சொன்னாவ. நீங்களே நான் உசுரோட இருக்கேன்னு ரேடியோவுல சொல்லிட்டா, அவுகளே ஊருக்குப் போன் போட்டுருவாவ. ஒங்க வாயால சொன்னாத்தான் சார் நம்புவாவ."

பேசியது தம்பி இல்லை என்ற ஏமாற்றம் மணிமாறனுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனாலும் ஒருத்திக்குத் தாலியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்று நினைத்தபோது மனசு நிறைந்தது. கண்ணாடிக்கு அப்பால் கௌஸ் முகம்மது ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். இன்னும் ஒரே நிமிடம்.

"இப்பவே சொல்லிடறேன். ஆனா செத்தவருக்கும் ஒரு வீடு இருக்கும்ல? அவங்களும் எங்கேயோ காத்துக்கிட்டுத்தானே இருப்பாங்க? அவரையும் சேர்த்தே வாசிச்சிடறேன்." தாளை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தான்.



"பேரைச் சொல்லுங்க அம்மையப்பன், எழுதிக்கிறேன்."

"எழுத வேண்டாம் சார்... அது ஒங்க தம்பி."