கே டிரைவ்

ஞாயிறு காலை பத்து மணிக்குள் இரண்டு கம்ப்யூட்டர்கள் கைவிட்ட பிறகுதான் கார்குழலி தன் அக்கா வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு ஹார்ட் டிஸ்க். அதன் முதுகில் ‘கே’ என்று ஒரு ஸ்டிக்கர்.

“லேப்டாப் கொஞ்சம் வோணும் மாமா. சாயங்காலம் ராயபுரத்துல படம் போடணும்.”

அக்கா புருஷன் லட்சுமணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“எந்தப் படம்? என் சோத்துல மண்ணு போடற படமா?”

திருவொற்றியூரில் அவர் ஃபிட்டராக இருக்கும் சாயக் கம்பெனியைப் பற்றியதுதான் படம். அதன் கழிவுநீர் கால்வாயில் கலக்கிறது என்று கரையோரத்து ஜனங்கள் சொல்வதை எட்டு மாதமாக எடுத்திருந்தாள்.

“அந்தக் கம்பெனி சம்பளத்துலதான் உங்கக்கா ஒலை வைக்கிறா. தெரியும்ல?”

“தெரியும். அந்தத் தண்ணியில எறங்கின புள்ளைங்களுக்குக் கால்ல தோலு உரியுது. அது உனக்குத் தெரியுமா?”

“எங்கேர்ந்து வருதுன்னு காட்டுனியா? நாலு பேர் பொலம்பறத எடுத்து வெச்சிகினு, குழாயே இல்லாத படம்.”

குழாய் மதில் சுவருக்கு உள்ளே இருந்தது. கார்குழலியால் அங்கே போக முடியவில்லை. ஒரு சொட்டுகூட வெளியே விடுவதில்லை என்று கம்பெனி சொல்வதைப் பொய்யென்று காட்ட அவளிடம் ஒரு காட்சியும் கிடையாது.

“படத்தப் பாத்துட்டுப் பேசு மாமா.”

“நான் ஏன் பாக்கறேன்? போன வாரம் அந்த டிஸ்க்க இங்கியே மறந்துட்டுப் போனியே, ரெண்டு நாளு டிவி மேல கெடந்துச்சு. தொட்டனான்னு கேளு உங்கக்காவ.”

ராஜாத்தி லேப்டாப்பைக் கொண்டுவந்து தங்கையின் மடியில் வைத்தாள். கல்யாணமாகிப் போன மகள் விட்டுச்சென்றது. ரீல்ஸ் வெட்டி ஒட்ட அவள் போட்ட எடிட்டிங் சாஃப்ட்வேர் இன்னும் அதில் இருந்தது.

“உன்துக்கு இன்னாடி ஆச்சு?”

“ராத்திரியே உசுர விட்டுச்சு. பிரவுசிங் சென்டர்ல போட்டா டிஸ்க்கு ‘ஜி’ன்னு வருது. மாத்தப் போனா பாஸ்வேர்டு கேக்குது. ஓனர் ஊர்ல இல்ல.”

“ஜின்னு வந்தா வந்துட்டுப் போவுது.”

“படத்துல எந்தத் துண்டு எங்க கீதுன்னு எல்லாம் கேங்கற வெலாசத்துல எழுதி வெச்சிகீது அக்கா. வேற எழுத்து வந்தா ஒண்ணும் ஆப்டாது. மொத்தமும் செவப்பாயிடும்.”

“அதான் டிஸ்க்கு மேல கேன்னு ஒட்டிகீறியே?”

“அத கம்ப்யூட்டர் படிக்குமா? எழுத்து வெக்கறது டிஸ்க்கு இல்ல, கம்ப்யூட்டரு. எது காலியா கீதோ அத வெச்சிடும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு தபா நாமதான் கேன்னு மாத்திக் குடுக்கணும். அப்பால அது மறக்காது.”

“நூறு தபா சொல்லிட்டா இந்தக் கதைய,” என்றார் லட்சுமணன், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

டிஸ்க்கைச் செருகினாள். எழுத்தை மாற்றுவதற்கான பக்கத்தைத் திறந்தாள்.

மாற்ற வேண்டியிருக்கவில்லை. கே என்றே வந்திருந்தது.

இந்த லேப்டாப்பில் அவள் இதுவரை அந்த டிஸ்க்கைப் போட்டதே இல்லை.

“யாருக்கா இத இதுல போட்டது?”

“எனக்கு அத ஆன் பண்ணவே தெரியாதுடி.”

லட்சுமணன் பேப்பரைத் திருப்பினார்.

படத்தில் குழாய் இல்லை என்று, பார்க்காத மனுஷனுக்கு எப்படித் தெரிந்தது? இரண்டு நாள் கையில் வைத்திருந்து எதை அழித்துத் தொலைத்தார்?

ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தாள். கால்வாய் இருந்தது. பிள்ளைகளின் கால்கள் இருந்தன. பேசியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். எதுவும் குறையவில்லை.

ஒன்று கூடுதலாக இருந்தது.

செல்போனில் எடுத்த சின்னத் துண்டு. மதிலின் உள்பக்கம், யானைக்கால் தடிமனில் ஒரு குழாய். அதிலிருந்து கால்வாய்க்குள் நீலமாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

“மாமா…”

“இன்னா மாமா? தொடலன்னு சொன்னேன்ல. சீக்கிரம் முடிச்சிட்டுக் கெளம்பு.” பேப்பரை மடித்துவிட்டு எழுந்தார். “கடைசில பேரு போடுவீங்களே, அதுல எங்க வூட்டுப் பேரு எதுவும் வரக் கூடாது.”

அந்தத் துண்டோடு படம் ஓடிய பிறகு, மார்ச் ஒன்பதாம் தேதி கம்பெனி அந்தக் குழாயை அடைத்தது. அடைக்க அனுப்பப்பட்ட ஃபிட்டர் லட்சுமணன்.