கடித்த இலை

மகள் காய்ச்சலில் இறந்துபோன ஆறாவது மாதம், வீட்டுக்குப் பின்னாலிருந்த புதினாவை ஏதோ தின்னத் தொடங்கியது. தையல்காரி தினமும் காலையில் இலைகளைத் திருப்பித் திருப்பிப் புழு தேடினாள். ஒன்றுகூட அகப்படவில்லை. கடிபட்ட ஓரங்களில் சின்னப் பல் தடங்கள் இருந்தன. நடுவில் ஒரு பல் அகலத்துக்கு இலை அப்படியே நின்றது. சாகும்போது மகளுக்கு முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கடி மெல்லப் புதினாவை விட்டு மாதுளைச் செடியில் ஏறியது, மாதத்துக்கு ஒரு விரற்கடை. போன வாரம் கடித்தடத்தின் நடுவிலிருந்த இடைவெளியும் மறைந்தது. புதுப் பல், கொஞ்சம் கோணல்.

நேற்று அவள் வேலை முடிந்து வந்தபோது கணவன் தெளிப்பானைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“நீ தினம் இந்தச் செடியோட மல்லுக்கட்டுறதப் பாக்க முடியலம்மா. ஒரு இலை விடாம மருந்தடிச்சிட்டேன். இனி எதுவும் வாய் வைக்காது, பாரு.”

அவள் குடத்தோடு ஓடிப்போய், இருட்டும்வரை ஒவ்வோர் இலையாகக் கழுவினாள்.

இன்று காலை ஒரே ஓர் இலைதான் கடிபட்டிருந்தது. கடித்த துண்டு செடியடியில் கிடந்தது, பாதி மென்று துப்பிய நிலையில்.