கட்டிக்கு வந்த காய்ச்சல்

கிருமி அண்டாமல் பொத்திப் பொத்திக் காத்த கணவனுக்கு, பூங்காவனத்தின் கண்ணெதிரிலேயே கிருமியை ஊசியில் ஏற்றினார்கள். துரைக்கண்ணுவின் கழுத்தில் புற்றுநோய்க் கட்டி வந்த நாளிலிருந்து, மூக்கை உறிஞ்சுகிற யாரையும் அவள் வாசற்படி தாண்ட விட்டதில்லை. சளி பிடித்திருந்த மகனையே தெருவில் நிற்கவைத்துப் பேசி அனுப்பியிருக்கிறாள். கட்டியோ எந்த மருந்துக்கும் அசைந்து கொடுக்கவில்லை.

"சாதாரண சளிக் கிருமிதாம்மா. கொஞ்சம் மாத்தி வச்சிருக்கோம். நல்ல சதையத் தொடாது, கட்டிக்குள்ள மட்டும் பெருகி அதை உடைக்கும். பிடிக்குதான்னு பார்ப்போம்" என்றார் டாக்டர்.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. ஏதோ தோன்றி விரல்களைக் கழுத்துக்கு இறக்கினாள். கட்டி அனலாகக் கொதித்தது. இத்தனை காலம் கல்லாகக் கிடந்தது, காய்ச்சல் கண்ட கைக்குழந்தையின் உச்சிக்குழியைப் போலத் துடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தான் வாசலிலேயே விரட்டியடித்த ஒன்று, கண்ணுக்கே தெரியாத ஒன்று, உள்ளே போய் நோய்க்கே நோயாகியிருக்கிறது.

"என்னடி அப்படிப் பாக்குற?" என்றார்.

"கட்டிக்குக் காய்ச்சல் அடிக்குதுங்க."

சொல்லிக்கொண்டே, பழக்கத்தில் துணியை நனைத்துப் பிழிந்து கட்டியின்மேல் போடப்போனாள். துரைக்கண்ணு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் பூங்கா. அது நல்லா காயட்டும்."