பவுலினக்காவின் எண்ணெய்

நாகலெட்சுமி கன்னத்தைத் தொட்டதுதான் தாமதம், சின்னராசா வீறிட்டான்.

பத்து மணிக்குத் தேயிலைக் கொழுந்து நிறுவை முடிந்ததும் கூடையைப் போட்டுவிட்டு, மலைச்சரிவில் ஓட்டமும் நடையுமாய் இறங்கி வந்திருந்தாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. பெற்ற மகனோ அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பவுலினின் கழுத்தைக் கட்டிப் பிடித்தான்.

பவுலின்தான் பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் நேரமெல்லாம் அத்தனை பிள்ளைகளும் அவள் பொறுப்பு. எட்டு வருஷத்துக்கு முன்னால் மழையில் வழுக்கி விழுந்து கால் ஊனமான பிறகு அவள் மலை ஏறுவதில்லை. சொந்தப் பிள்ளை இல்லாதவள். கை மட்டும் பிசைந்த மாவு மாதிரி இருக்கும்.

நாகலெட்சுமியின் கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தை மாதத்துப் பொகவந்தலாவை மலைப் பனி ஒரு பக்கம், கொழுந்துக் கறை ஒரு பக்கம். விரலெல்லாம் கறுத்து, ஆழ ஆழமாய் வெடித்துக் கிடந்தன. பிள்ளையின் கன்னமும் குளிரில் வறண்டு சிவந்திருந்தது. அந்தக் கன்னத்தில் இந்த விரல் பட்டால் அவன்தான் என்ன செய்வான், பாவம்.

புறங்கையால் தடவிப் பார்த்தாள். கையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு தூக்கிப் பார்த்தாள். பசிக்குப் பால் குடிப்பான். குடித்து முடித்ததும் பவுலினைப் பார்த்துக் கை நீட்டுவான்.

அன்றைக்கு வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டாள்.

“அக்கா, கைக்கு என்னாதான் பூசுறீங்க?”

பவுலின் மடியில் இருந்தவனின் உச்சந்தலையை முகர்ந்தாள். பிறகுதான் சொன்னாள். வாய்க்கால் ஓரத்து வல்லாரை ஒரு கை, மருதாணி இலை அதில் பாதி, பச்சை மஞ்சள் ஒரு துண்டு. மூன்றையும் அரைத்துத் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்ச வேண்டும். சடசடப்பு அடங்கினதும் இறக்கி வடிகட்டி, சூடு ஆறுமுன் மெழுகு கரைக்க வேண்டும். அந்த மெழுகையும் அவளே கொடுத்தாள். மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டு.

மறுநாள் தேயிலை நிரையில், பக்கத்தில் நின்று பறித்த மீனம்மா அதை லேசில் விடவில்லை.

“மெழுகுதிரியப் பூசிக்கிட்டு ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிறாதடி.”

“போனாத்தான் என்னா? எம்புள்ள எங்கிட்ட வந்தாச் சரி.”

“வருவான், வருவான். தன் கைக்குத் தாவுற புள்ளைய யாருடி விட்டுக் குடுப்பா? ஒண்ணு ரெண்டு சரக்க மறைச்சுத்தான் சொல்லியிருப்பா.”

அந்தப் பேச்சு நாகலெட்சுமியின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

மலையில் நின்றால் கீழே பிள்ளைக்காம்பராவின் தகரக் கூரை தெரியும். எந்தப் பிள்ளை அழுதாலும் அவளுக்குப் பால் சுரக்கும். கை மழமழவென்று ஆகிவிட்டதாகவும், அவனை மடியில் போட்டுக்கொண்டு அந்தக் கன்னத்தை ஆசை தீரத் தடவுவதாகவும் நினைத்துக்கொண்டே கொழுந்து கிள்ளுவாள். படுக்கும்போது எண்ணெய் பூசிப் பழந்துணி சுற்றியதில் மூடியிருந்த வெடிப்பெல்லாம், கிள்ளக் கிள்ள, பத்து மணிக்குள் மறுபடியும் வாயைத் திறந்துவிடும்.

ஒரு வாரம் பொறுத்தாள். எட்டாம் நாள் பவுலினுக்கு நேரே கையை நீட்டினாள்.

“அக்கா, சரக்கு ஏதாச்சும் சொல்ல விட்டுப் போச்சா?”

பவுலின் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“கொழுந்து கிள்ளுற கையில எண்ணெய் நிக்காது போல புள்ள,” என்றாள். “இருந்தாலும் பூசு. விட்டுறாத.”

நாகலெட்சுமி மலையேறினாள். மீனம்மா சொன்னதுதான் நிஜம் என்று அப்போது அவளுக்குப் பட்டது.

அடுத்த வாரம் ஒரு நாள் வேலி ஓரமாய் வரும்போது, பவுலினின் கையிலும் சின்னராசா சிணுங்குவது கேட்டது. பல் முளைக்கிறதாக்கும் என்று நினைத்தாள்.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை. வாசலில் அவள் தலை தெரிந்ததுமே சின்னராசா பவுலினின் இடுப்பிலிருந்து தாவினான்.

பயந்து பயந்துதான் கன்னத்தில் கை வைத்தாள். முதலில் விரல் நுனி. அப்புறம் முழு உள்ளங்கையும்.

அவன் அழவில்லை. அந்தக் கையிலேயே கன்னத்தைச் சாய்த்துக்கொண்டான்.

வெகுநேரம் அப்படியே நின்றாள். கன்னம் இத்தனை சூடாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

பிறகு கையைத் திருப்பிப் பார்த்தாள். அதே கறுப்பு. அதே வெடிப்பு. ஒன்றுகூட மூடவில்லை.

பிள்ளையின் தோளிலிருந்து துணி நழுவியது. அதை இழுத்துவிடப் பவுலின் கை நீட்டினாள். அந்தக் கை நாகலெட்சுமியின் முழங்கையில் உரசியது.

சுரண்டியது.

எட்டு வருஷமாய்க் கொழுந்து கிள்ளாத கை. தோல் தடித்துச் சொரசொரவென்று ஆகி, ரேகையெல்லாம் செங்கல் தூள் படிந்து சிவந்து கிடந்தது. அவளுக்குப் பின்னால், பீலிக் குழாயிலிருந்து தண்ணீர் விழும் கல்லின் மேல், தேய்ந்து தேய்ந்து பாதியாகிப்போன ஒரு செங்கல் துண்டு.

பவுலின் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“மருந்து கேட்டுருச்சா, லெச்சுமி?”

கேட்டாளே தவிர, அவள் நாகலெட்சுமியைப் பார்க்கவில்லை. தாயின் தோளில் முகம் புதைத்திருந்தவனின் உச்சந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டுருச்சுக்கா,” என்றாள் நாகலெட்சுமி.